ஒரே மடக்கு மிதிவண்டி 154 செ.மீ. உயரத்துக்கும் 182 செ.மீ. உயரத்துக்கும் பொருந்துமா?

கேள்வி: ஆற்றங்கரை

வணக்கம். நானும் என் கணவரும் சிங்கப்பூரில் வசிக்கிறோம். வரும் செப்டம்பர் மாதம் ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை, டான்யூப் ஆற்றோரமாகச் செல்லும் மிதிவண்டிப் பாதையில் பயணம் செய்ய எண்ணியுள்ளோம். தூரம் 300 கி.மீ.க்குச் சற்று மேல். நாளொன்றுக்கு 40 கி.மீ. போதும் என்று வைத்திருக்கிறோம். அங்கே வாடகைக்கு எடுப்பதைவிட, விமானத்திலும் ரயிலிலும் கொண்டுசெல்லத்தக்க சிறுசக்கர மடக்கு மிதிவண்டிகளைச் சொந்தமாக வாங்கிக்கொண்டால் திரும்பி வந்த பிறகும் பயன்படும் என்பது எங்கள் கணக்கு.

என் உயரம் 154 செ.மீ., அவருடையது 182 செ.மீ. கடையில் நாங்கள் பார்த்த வண்டி ஒன்றின் அட்டையில் "142 முதல் 190 செ.மீ. உயரம் வரை அனைவருக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தது. ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம்; இருவருக்குமே "பரவாயில்லை" என்றுதான் தோன்றியது. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் படத்தையும் விலையையும் மட்டும் பார்த்து இணையத்தில் நான் வாங்கிய முதல் மடக்கு வண்டியும் முதல் ஐந்து நிமிடம் இப்படித்தான் இருந்தது. முப்பதாவது கிலோமீட்டரில் இரண்டு கைகளிலும் சுண்டுவிரல் மரத்துப்போகும். அதே தவறை இருமடங்கு விலை கொடுத்து மீண்டும் செய்ய விரும்பவில்லை. ஒரே மாடலில் இரண்டு வாங்கலாமா? பொருத்தத்தை எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: பழைய பெடல்

அந்த அட்டை பொய் சொல்லவில்லை, ஆனால் இருக்கையைப் பற்றி மட்டுமே சொல்கிறது. இருக்கைத் தண்டு நீளமாக இருப்பதால் 142 செ.மீ. உயரமுள்ளவருக்கும் 190 செ.மீ. உயரமுள்ளவருக்கும் கால் எட்டும், அவ்வளவுதான். உங்கள் விரல்கள் மரத்ததற்குக் கால் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள தூரமும், அவற்றின் உயர வேறுபாடுமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். சாதாரண மிதிவண்டியில் சட்டமே நான்கைந்து அளவுகளில் வருவதால் இந்தத் தூரம் ஓரளவு தானாகவே சரியாகிவிடும். மடக்கு வண்டிகளிலோ பெரும்பாலும் ஒரே சட்டம்தான், அதை நாம்தான் உடலுக்கு ஏற்பச் சரிக்கட்ட வேண்டும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன், நீங்கள் இருவரும் இப்போது வலியில்லாமல் ஓட்டும் வண்டி எதுவோ, அதில் அளவு நாடாவை வைத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, பெடல் அச்சின் (பெடல் கைகள் இரண்டும் சுழலும் நடு அச்சு) நடுவிலிருந்து தண்டு வழியாக இருக்கையின் மேற்பரப்பு வரையிலான நீளம். இரண்டாவது, இருக்கையின் மூக்கு நுனியிலிருந்து கைப்பிடிக் குழாயின் நடு வரையிலான தூரம். மூன்றாவது, தரையிலிருந்து இருக்கைக்கும் கைப்பிடிக்கும் உள்ள உயரங்கள், அதாவது கைப்பிடி எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பது. முதல் அளவுக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு: சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கால்களுக்கிடையே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளந்து, அதை 0.883ஆல் பெருக்க வேண்டும். உங்கள் உட்கால் அளவு 70 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 61.8 செ.மீ. வரும், உங்கள் கணவருக்கு 86 என்றால் ஏறக்குறைய 76.

இந்த இடத்தில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. இருக்கைத் தண்டு செங்குத்தாக நிற்பதில்லை, பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. 72 பாகைச் சாய்வு என்றால், தண்டை 10 செ.மீ. உயர்த்தும்போது இருக்கை 3 செ.மீ. பின்னே போகும். உங்கள் இருவரின் இருக்கை அளவுக்கும் இடையே 14 செ.மீ. வேறுபாடு இருப்பதால், அதே வண்டியில் அவருக்குக் கைப்பிடி உங்களைவிட 4 செ.மீ.க்குச் சற்று அதிகமான தூரத்தில் அமையும். ஆனால் 28 செ.மீ. உயரம் கூடுதலாக உள்ளவருக்கு முதுகும் கையும் அதைவிட நீளமாக இருக்கும் அல்லவா? எனவே பொதுவாக உயரமானவர் இத்தகைய வண்டியில் குறுகி உட்கார்கிறார். உயரம் குறைந்தவருக்குத் தூரம் சரியாக இருந்தாலும் கைப்பிடி தோளை நோக்கி எழும்பி நிற்கிறது. கடைக்காரர்கள் இதை "நிமிர்ந்து ஓட்டும் சொகுசு" என்பார்கள். தோளைத் தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் ஓட்டுவதில் எந்தச் சொகுசும் இல்லை.

பெடலைத் தாங்கிச் சுழலும் கையான கிராங்கையும் பாருங்கள். மடக்கு வண்டிகளில் பெரும்பாலும் 170 மி.மீ. கிராங்க்தான் வருகிறது. 70 செ.மீ. உட்கால் கொண்டவருக்கு அது நீளம். மேலே வரும்போது முழங்கால் மிகையாக மடங்கும். 160 மி.மீ.க்கு மாற்றினால் இருக்கையை 1 செ.மீ. உயர்த்திக்கொள்ளலாம், முழங்காலுக்கு மேலே 2 செ.மீ. இடம் கிடைக்கும்.

பதில்: மூன்றாம் மாடி

பொருத்தம் முக்கியம்தான், ஆனால் மடக்கிய அளவை மறந்துவிடாதீர்கள். சிங்கப்பூர் ரயில்களில் மடக்கிய வண்டி 120 × 70 × 40 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி; இதற்குள் 20 அங்குலச் சக்கர வண்டிகள் பெரும்பாலும் அடங்கிவிடும். விமானத்தில்தான் சிக்கல். பல நிறுவனங்கள் பயன்படுத்தும் வரம்பு, நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ.; எடை 23 கிலோ. 16 அங்குலச் சக்கரம் கொண்ட பிராம்ப்டன் நிறுவனத்து வண்டி மடக்கினால் ஏறக்குறைய 64 × 58 × 27 என்பதால் மெல்லிய உறையோடு தப்பிவிடும். 20 அங்குல வண்டி ஒன்று 80 × 65 × 35 என்றால் கூட்டுத்தொகை 180 ஆகிவிடுகிறது. சக்கரங்களைக் கழற்றிப் பெட்டியில் அடுக்க வேண்டும், அல்லது கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். நான் ஒருமுறை விமான நிலையத்தின் தரையில் உட்கார்ந்து, வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்க, பின்சக்கரத்தைக் கழற்றியிருக்கிறேன். கறுப்புக் கிரீஸ் அப்பிய கையோடு கடவுச்சீட்டை நீட்டியதை இன்னும் மறக்கவில்லை.

ஜெர்மனியைப் பற்றிக் கவலை வேண்டாம். மடக்கிய வண்டியை அந்நாட்டு நெடுந்தூர ரயில்களில் கைச்சுமையாகக் கட்டணமின்றிக் கொண்டுசெல்லலாம்.

பதில்: கீல்

நான் சக்கரத்தின் பக்கம் நின்று பேசுகிறேன். "16 அங்குலம்" என்ற ஒரே பெயரில் 305 மி.மீ., 349 மி.மீ. என இரண்டு ரிம் அளவுகளும், "20 அங்குலம்" என்ற பெயரில் 406, 451 என இரண்டு அளவுகளும் விற்கப்படுகின்றன. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் மூன்றிலக்க எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். 406 என்பது சிறுவர் வண்டிகளிலும் பிஎம்எக்ஸ் வண்டிகளிலும் உள்ள அளவு என்பதால் டான்யூப் கரையின் சிறிய ஊரிலும் டியூப் கிடைக்கும். 349 என்றால் இரண்டு டியூப்களைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

சக்கரம் சிறியதென்பதால் மெதுவாகத்தான் போகும் என்பது தவறான எண்ணம். பல்சக்கரக் கணக்கு அதைச் சரிசெய்துவிடும். 406 ரிம்மில் ஓரளவு அகலமான டயர் போட்டால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.5 மீட்டர் நகரும். முன்னே 52 பல், பின்னே 11 பல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு 7 மீட்டர், பின்னே 28 பல் என்றால் 2.8 மீட்டர். டான்யூப் பாதை ஆற்றோடு ஒட்டிச் செல்வதால் இது போதும். அங்கே காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். நீங்கள் கிழக்கு நோக்கிப் போவது நல்ல முடிவு. சிறிய சக்கரத்தின் உண்மையான குறை வேறு: பழைய ஊர்களின் கல் பாவிய தெருக்களில் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையில் எண்ணலாம். கைப்பிடியும் மிக எளிதாகத் திரும்பிவிடும். சுமையைப் பின்னால் மட்டும் கட்டினால் முன்பக்கம் இன்னும் அலைபாயும். பிராம்ப்டனில் முன்பை கைப்பிடியோடு சேராமல் சட்டத்தோடு பொருத்தப்படுவதால், பை திரும்பாது, கைப்பிடி மட்டும் திரும்பும். முதல் நாள் விசித்திரமாக இருக்கும், ஆனால் சுமையோடு நேராக ஓடும்.

உடலளவைச் சொல்லிச் செய்துகொள்ளத்தான் வேண்டும் என்றால், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் 1992இல் தொடங்கிய பைக் ஃப்ரைடே அதையே தொழிலாகச் செய்கிறது. பயணப்பெட்டிக்குள் அடங்கும் 20 அங்குல வண்டிகள் அவை. விலையும் காத்திருப்பும் அதற்கேற்ப இருக்கும்.

ஆற்றங்கரை

மிக்க நன்றி. நேற்றிரவு அளவு நாடாவோடு உட்கார்ந்தோம். என் வண்டியில் முதல் அளவு 62, அவருடையதில் 76. எனக்குக் கைப்பிடி இருக்கையைவிட 4 செ.மீ. மேலே இருக்கிறது, அவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். விமான வரம்பை எண்ணி 16 அங்குலப் பிராம்ப்டன் பக்கமே சாய்கிறோம். அதன் சட்டம் ஒரே அளவு என்றால் இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

பழைய பெடல்

சட்டம் ஒன்றுதான், ஆனால் கைப்பிடியும் இருக்கைத் தண்டும் வேறுவேறு வகைகளில் வருகின்றன. பெடல் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய 29 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்து, தண்டின் சாய்வையும் கழித்துப் பார்த்தால், உங்கள் இருக்கை தரையிலிருந்து 88 செ.மீ., அவருடையது 101 செ.மீ. அளவில் வரும். தாழ்ந்த கைப்பிடி ஏறக்குறைய 93 செ.மீ.யிலும், நடுத்தரக் கைப்பிடி 101 செ.மீ.யிலும் நிற்கின்றன. நீங்கள் நடுத்தரத்தை எடுத்தால் அது உங்கள் இருக்கைக்கு 13 செ.மீ. மேலே நிற்கும், தாழ்ந்ததை எடுத்தால் 5. அவருக்கு நடுத்தரமே மட்டமாக அமைகிறது. ஒரே மாடல், இரண்டு கைப்பிடிகள்.

அவருக்கு இன்னொன்றும் தேவைப்படும். வழக்கமான தண்டு ஏறக்குறைய 84 செ.மீ. உட்கால் வரைதான் போதும். 86 என்பதால் நீளத் தண்டு வேண்டும். மடக்கும்போது அது சற்றே மேலே துருத்தி நிற்கும்; இரண்டடுக்குத் தண்டு முழுமையாக உள்ளே போகும், ஆனால் எடை கூடும். எதுவாக இருந்தாலும் தண்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச உட்செருகல் கோட்டை மட்டும் வெளியே தெரிய விடாதீர்கள். அது சட்டத்தைக் காப்பாற்றும் கோடு. தூரம் அப்போதும் குறைவாகத் தோன்றினால், இருக்கைப் பிடிப்பானைத் திருப்பிப் பொருத்தி இருக்கையை இன்னும் பின்னே தள்ளச் சொல்லுங்கள். கடையில் ஐந்து நிமிடம் போதாது. அரை மணி நேரம் கேட்டு வாங்கி ஓட்டுங்கள், ஒரு மேம்பாலமாவது ஏறி இறங்குங்கள், நின்று மிதித்துப் பாருங்கள். அப்போது கைப்பிடித் தண்டு எவ்வளவு வளைகிறது என்பது கைக்கே தெரிந்துவிடும்.

ஆற்றங்கரை

சனிக்கிழமை போய்வந்தோம். எனக்குத் தாழ்ந்த கைப்பிடியோடு 160 மி.மீ. கிராங்க் மாற்றித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். நாற்பது நிமிடம் ஓட்டியும் விரல் மரக்கவில்லை. என் கணவருக்கு நீளத் தண்டு போட்டும் கைப்பிடி 3 செ.மீ. கிட்டவே இருந்தது, பிடிப்பானைத் திருப்பியதும் இருக்கை பின்னே போய், குறை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. கூர்மையாகத் திரும்பும்போது மட்டும் அவருடைய முழங்கால் கைப்பிடியை உரசப் பார்க்கிறது, பழகிவிடும் என்கிறார்.

எதிர்பாராத ஒரு தொல்லை எனக்குத்தான். இந்த வண்டியில் மடக்கும்போதெல்லாம் இருக்கைத் தண்டை முழுமையாகக் கீழே இறக்கினால்தான் மடிப்பு பூட்டிக்கொள்கிறது. விரித்த பிறகு அவர் தண்டை மேலே கடைசிவரை இழுத்தாலே போதும், அவருடைய உயரம் வந்துவிடுகிறது. எனக்கோ நடுவில் எங்கேயோ நிறுத்த வேண்டும். அந்த இடத்தை நான் இரண்டு முறையும் தவறவிட்டேன். கடைக்காரப் பெண் என் பையில் இருந்த சிவப்பு நகப்பூச்சை வாங்கி, தண்டின் பின்புறம் மெல்லிய ஒரு கோடு இழுத்து, காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.