ஆர்.பி. கண் நோய்க்கு ஸ்டெம் செல் ஊசி: நிலத்தை விற்றுப் பணம் கட்டலாமா?

மேலூர்த்தம்பி:
வணக்கம். அக்கா மகனுக்கு 14 வயது. ஆறேழு வயதிலிருந்தே பொழுது சாய்ந்தால் தடுமாறுவான். மாலைக்கண் என்று நினைத்து முருங்கைக்கீரையும் கேரட்டும் கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்டோம். போன மாதம்தான் ஈ.ஆர்.ஜி. (விழித்திரை ஒளிக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்துப் பார்த்து ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (ஆர்.பி.), அதாவது விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும் மரபணு நோய், மருந்து கிடையாது என்று சொன்னார்கள். அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் (வேறு வகை செல்லாக மாறக்கூடிய செல்) எடுத்து ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசி போடுவார்களாம், ஆராய்ச்சி சிகிச்சை என்றும் போட்டிருக்கிறது, ஆறு லட்சம் கேட்கிறார்கள். மாமா அரை ஏக்கரை விற்கலாம் என்கிறார். அமெரிக்காவில் ஜீன் தெரபி (பழுதான மரபணுவுக்குப் பதில் நல்ல மரபணுவைச் செலுத்தும் சிகிச்சை) வந்துவிட்டது என்றும் படித்தேன், அதுவும் இதுவும் ஒன்றா? இன்னொன்று, அக்காவைக் கட்டியவர் எங்கள் தாய்மாமன்தான். அதனால்தான் வந்ததா என்று வீட்டில் தினமும் பேச்சு.

விழித்திரை_மாணவி:
தயவுசெய்து நிலத்தை விற்காதீர்கள். நான் ஒரு பல்கலைக்கழகக் கண் மருத்துவத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன், நீங்கள் எழுதியதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஏனென்றால் இதே கதை அமெரிக்காவில் நடந்தது. ஃபுளோரிடாவில் ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று பெண்கள் தலைக்கு 5,000 டாலர் கட்டி, வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு இருந்தது ஆர்.பி. இல்லை, வயதானால் வரும் விழித்திரைத் தேய்மானம். ஓரளவு பார்வையோடு போனவர்கள் பார்வை பறிபோய் வந்தார்கள். மயாமி பல்கலைக்கழகக் கண் மருத்துவர்கள் 2017இல் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். அதுவும் ஆராய்ச்சி என்று அரசுப் பதிவேட்டில் ஏறியிருந்ததுதான்.

ஒழுங்கான ஆராய்ச்சியில் ஊசிக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். புது மருந்தை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் போடவும் மாட்டார்கள். நீங்கள் படித்த ஜீன் தெரபியே அப்படித்தான் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜீன் பென்னட், ஆல்பர்ட் மக்வயர் தம்பதி பல வருடம் இதில் உழைத்தார்கள். பிறவியிலேயே பார்வை குறைந்த பிரியார்ட் வகை நாய்களுக்கு முதலில் பார்வை வந்தது, அது 2001இல் வெளியானது. மனிதர்களுக்கு 2007இல் ஆரம்பித்தபோது ஒரே ஒரு கண், அதுவும் பார்வை மோசமான கண். அமெரிக்க அரசு 2017 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. இன்றைக்கும் ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் இடையே குறைந்தது ஆறு நாள் விட வேண்டும்.

ஆனால் அந்த மருந்து ஆர்.பி.ஈ.65 என்ற ஒரே மரபணுவின் இரண்டு பிரதியும் (அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று) பழுதானவர்களுக்கு மட்டும். ஒளி பட்டுத் தீர்ந்துபோகும் வைட்டமின் ஏ பொருளைத் திரும்பப் புதுப்பிக்கும் நொதி அதிலிருந்துதான் வருகிறது. மரபணுவை வைரஸில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்துகிறார்கள், விழித்திரைச் செல்கள் உயிரோடு இருந்தால்தான் பலன். ஆர்.பி.யை உண்டாக்கும் மரபணுக்களோ 80க்கு மேல். விலையும் இரண்டு கண்ணுக்கு 8,50,000 டாலர் என்று வைத்தார்கள். அதனால் முதல் வேலை மரபணுப் பரிசோதனை. மதுரை அரவிந்திலோ சென்னை சங்கர நேத்ராலயாவிலோ கேளுங்கள்.

சொந்தத்தில் கட்டியது காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தாய் வழியாக எக்ஸ் குரோமோசோமில் வந்து ஆண் பிள்ளைகளைப் பிடிக்கும் வகையும் இருக்கிறது, அதற்கும் யாரைக் கட்டினோம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ரிசல்ட் வரும் முன்னால் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

பகலில்_நடப்பவன்:
எனக்கு ஆர்.பி., வயது 41. மருந்து இல்லை என்று சொன்னதும் பத்து வருடம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை, அது நான் செய்த பெரிய தப்பு. இந்த நோயோடு கண்புரையும் வரும், அதை எடுத்துவிடலாம். விழித்திரை நடுவில் நீர் கோத்தால் அதற்கும் மருந்து உண்டு. எனக்குப் புரை எடுத்தபின் மறுபடி பேப்பர் படிக்க முடிந்தது. வருடத்துக்கு ஒரு தடவையாவது பையனைக் காட்டுங்கள், பக்கப்பார்வை எவ்வளவு இருக்கிறது என்று அளந்து அந்தத் தாள்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். நாளைக்கு ஏதாவது ஆராய்ச்சியில் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இருட்டியபின் சைக்கிள் வேண்டாம். வகுப்பில் முதல் பெஞ்ச் கேளுங்கள். அப்புறம், பையனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா? 14 வயதில் எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் மந்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேலூர்த்தம்பி:
இரண்டு பேருக்கும் நன்றி. மாமாவிடம் ஃபுளோரிடா கதையை வாசித்துக் காட்டினேன், நிலப் பேச்சை நிறுத்திவிட்டார். வரும் வாரம் மதுரைக்குக் கூட்டிப் போகிறோம். பையனிடம் இன்னும் சொல்லவில்லை, அக்கா வேண்டாம் என்கிறாள். நான் சொல்லப் போகிறேன். மரபணுப் பரிசோதனைக்கு அவன் ரத்தம் மட்டும் போதுமா, அப்பா அம்மா ரத்தமும் வேண்டுமா?

விழித்திரை_மாணவி:
மூன்று பேரும் போங்கள். பழுது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று உறுதிசெய்ய அப்பா அம்மா ரத்தம் தேவைப்படும். அவனுக்கு அக்கா, தங்கை யாராவது இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.