போர்ட்டைத் திறந்துவிட்ட பிறகும் வெளியூரிலிருந்து வீட்டு சர்வருக்குள் நுழைய முடியவில்லை

கேள்வி (வில்லாபுரம்)

வணக்கம். வீட்டிலுள்ள பழைய கணினியில் மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்புக்கான சர்வரை நிறுவியிருக்கிறேன். என் மகனும், மேலூரிலும் உசிலம்பட்டியிலும் இருக்கும் என் தங்கைகளின் பிள்ளைகளும் விடுமுறையில் சேர்ந்து விளையாட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. வீட்டு வைஃபையில் 192.168.1.20 என்ற முகவரியைக் கொடுத்தால் மகன் உடனே உள்ளே சென்றுவிடுகிறான். ரவுட்டரில் 25565 டி.சி.பி போர்ட்டை (அந்த விளையாட்டுக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான வாசலை) அந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டு, இணையத்தில் பார்த்த எங்கள் ஐ.பி முகவரியை மேலூருக்கு அனுப்பினேன்; அங்கிருந்து முயன்றால் இணைப்புக் கிடைக்கவே இல்லை. மூன்று நாட்களாகப் போராடுகிறேன். எங்கே தவறு செய்கிறேன்?

மறுமொழி (திருநகர்)

ஐயா, இனி ரவுட்டரில் எதையும் மாற்றாமல், முதலில் அதன் நிலைப் பக்கத்தைத் திறந்து, வெளி இணைப்புக்கு என்ன ஐ.பி காட்டுகிறது என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்களுக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். சிஜிநாட் எனப்படும் இந்த முறைக்காகவே 2012இல் அந்த எண் வரிசை தனியாக ஒதுக்கப்பட்டது. மேலூரிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். உங்கள் ரவுட்டர் வரை அது வராத நிலையில், அங்கே நீங்கள் எத்தனை போர்ட்டைத் திறந்து வைத்தாலும் பயனில்லை.

மறுமொழி (திருமங்கலம்)

மேலே சொன்னவர் கூறுவது சரி. ஆனால் அங்கே 192.168 என்று தொடங்கும் எண் தெரிந்தால் கதை வேறு. ஃபைபர் இணைப்போடு கொடுத்த பெட்டியே ஒரு ரவுட்டராக இயங்க, அதன் பின்னால் நாம் வாங்கிய ரவுட்டரையும் மாட்டியிருப்போம். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. முதல் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டராக இயங்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு) மாற்றித் தரச் சொன்ன பிறகே போர்ட் வேலை செய்தது. இன்னொன்று: சோதனையை வீட்டு வைஃபையிலிருந்து செய்யாமல், கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். பல ரவுட்டர்கள், உள்ளிருந்து தம் பொது முகவரிக்கே வரும் அழைப்பைத் திருப்பி உள்ளே அனுப்புவதில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பார்த்தேன், 100.74 என்று தொடங்குகிறது. இனி என்ன வழி?

மறுமொழி (திருநகர்)

நிறுவனத்திடம் நிலையான பொது ஐ.பி கேட்கலாம்; பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. பிள்ளைகளுக்காக மட்டும் என்றால் வெவ்வேறு இடங்களிலுள்ள கணினிகளை ஒரே தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளையே நான் பரிந்துரைப்பேன். உங்கள் சர்வரிலும் மூன்று வீட்டுப் பிள்ளைகளின் கணினிகளிலும் அதை நிறுவி, அது சர்வருக்குத் தரும் முகவரியை அவர்களிடம் கொடுத்தால் போதும். அந்த முகவரியும் 100 என்றே தொடங்கும், குழம்ப வேண்டாம். போர்ட்டைத் திறக்கத் தேவையில்லை என்பதால், ரவுட்டரில் ஏற்கெனவே எழுதிய போர்ட் விதியையும் நீக்கிவிடுங்கள். எப்படியிருந்தாலும் சர்வரில் ஒயிட்லிஸ்ட்டை (அனுமதிப் பட்டியலை) இயக்கி, பிள்ளைகளின் பெயர்களை மட்டும் சேருங்கள். சிறுவர்கள் விளையாடும் இடத்தில் முன்பின் தெரியாதவர் நுழையவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

நேற்றிரவு அவ்வாறே செய்தேன். மேலூர்ப் பிள்ளைகள் இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். உசிலம்பட்டியில் மின்சாரம் இல்லாததால், அவர்களுக்கு இன்று மாலை நிறுவித் தர வேண்டும்.