ஊட்டியில் காப்பர் சாலன் காம்ப்ளெக்ஸ்: வினைவேகமும் தடுப்பு வளையமும் நிலையாக வராதது ஏன்?

மலைக்கல்லூரி_எம்எஸ்சி:
வணக்கம். சாலிசிலால்டிஹைடு 10 மில்லிமோல், எத்திலீன்டைஅமின் 5 மில்லிமோல் சேர்த்து சாலன் லிகாண்ட் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) எடுத்தோம். அதோடு காப்பர் அசிட்டேட் மோனோஹைட்ரேட் 1 கிராம், மெத்தனாலில் ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்பும்படி கொதிக்கவைப்பது). கரும்பச்சைத் தூள் கிடைக்கிறது. கேட்டகோலேஸ் சோதனைக்கு (கேட்டகாலை ஆக்ஸிஜனேற்றிக் குயினோனாக்கும் வேகத்தை அளப்பது) காம்ப்ளெக்ஸ் 0.1 மில்லிமோலார், 3,5-டைடெர்ட்பியூட்டைல்கேட்டகால் 10 மில்லிமோலார். குயினோனை 400 நானோமீட்டரில் பார்க்கிறோம். ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒவ்வொரு வேகம். சமவெளி லேபில் அளந்ததைவிட இங்கே குறைவு. ஈ.கோலை பாக்டீரியா தட்டில் தடுப்பு வளையம் (கிருமி வளராத வட்டம்) நன்றாக வருகிறது, ஆனால் எதுவும் விதைக்காத தட்டிலும் சில நேரம் கிருமி முளைக்கிறது. எங்கே கோளாறு?

செம்புக்காரர்:
சாலன் நான்கு கைகளாலும் செம்பைச் சமதளத்தில் பிடித்துக்கொள்ளும். கேட்டகால் வந்து ஒட்ட இடம் குறைவு, அதனால் அது மந்தமான வினையூக்கிதான். இரண்டு செம்பு அருகருகே இருக்கும் காம்ப்ளெக்ஸ்கள்தான் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். உங்களுக்கு வேகம் கணிசமாக, அதுவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறி வருகிறதென்றால், கழுவாமல் தங்கிய காப்பர் அசிட்டேட் மேல்தான் முதல் சந்தேகம். தூளைத் தண்ணீரில் கழுவி, கழுவிய நீரில் அம்மோனியா விடுங்கள். கருநீலம் வந்துகொண்டிருக்கும் வரை கழுவுவது முடியவில்லை என்று அர்த்தம். பிறகு குளிர்ந்த மெத்தனால், ஈதர். காப்பர் அசிட்டேட் மட்டும் 0.1 மில்லிமோலார் வைத்து ஒரு ஓட்டம், காம்ப்ளெக்ஸே இல்லாமல் ஒரு ஓட்டம், இரண்டும் கட்டாயம். துளி காரம் இருந்தாலே கேட்டகால் தானாக ஆக்ஸிஜனேற்றமாகிவிடும்.

காம்ப்ளெக்ஸ் மெத்தனாலில் சரியாகக் கரையாது. டி.எம்.எஃப். கரைப்பானில் அடர்கரைசல் வைத்துக்கொண்டு நீர்க்கச் செய்யுங்கள். மிதக்கும் துகள் ஒளியைச் சிதறடித்து உறிஞ்சலைக் கூட்டிக் காட்டும்.

குன்னூர்_கைனடிக்ஸ்:
வேகம் குறைவதற்கு மலையும் ஒரு காரணம். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர்; காற்றழுத்தம் கடல்மட்டத்தில் முக்கால் பங்கு சொச்சம். கரைசலில் ஆக்ஸிஜனும் அதே விகிதத்தில் குறையும். கேட்டகாலிடம் எலக்ட்ரான் வாங்கிய செம்பு(I), ஆக்ஸிஜனால் மீண்டும் செம்பு(II) ஆகும் கட்டம் மெதுவானதாக இருந்தால் அடி நேராக வேகத்தில் விழும். குவெட்டை (உறிஞ்சல் அளக்கும் சிறு குப்பியை) 25 டிகிரியில் நிறுத்துங்கள். அறை வெப்பநிலை என்று எழுதினால் இங்கே அது 15 ஆகவும் இருக்கும். மெத்தனால் இங்கே 58 டிகிரி வாக்கிலேயே கொதிக்கும், ரிஃப்ளக்ஸ் நேரத்தைக் கூட்டுங்கள். ஆரம்ப வேகத்தை உறிஞ்சல் 0.4 தாண்டுமுன் எடுத்துவிடுங்கள். குயினோனுக்கு மோலார் உறிஞ்சல் 1,900 என்று வைத்தால் அது 0.2 மில்லிமோலார்தான்.

ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறதா என்று பொட்டாசியம் அயோடைடு போட்டு 353 நானோமீட்டரில் பார்ப்பவர்களுக்கு: செம்பு(II) தானே அயோடைடை அயோடினாக்கும். செம்பு மட்டும் உள்ள வெற்று ஓட்டத்தைக் கழிக்காத எண் செல்லாது.

நுண்ணுயிர்_கோத்தகிரி:
தட்டில் கிருமி வருவது ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் பாத்திரம்) விவகாரம். அழுத்தக் கேஜ் 15 பி.எஸ்.ஐ. காட்டினால் ஊட்டியில் உள்ளே 117 டிகிரி வாக்கில்தான் இருக்கும். 121 வேண்டுமென்றால் 18.5 பி.எஸ்.ஐ. ஆக வேண்டும். பாத்திரமும் சேஃப்டி வால்வும் அதைத் தாங்குமா என்று பார்த்த பிறகே ஏற்றுங்கள். தாங்காதென்றால் நேரத்தைக் கூட்டி, வெப்பச் சோதனைப் பட்டையோடு சரிபாருங்கள்.

தட்டுச் சோதனைக்குக் காம்ப்ளெக்ஸைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரியில் உறையும். இரவில் அலமாரியில் உறைந்த கரைசலை முழுக்க உருக்கிக் கலக்காமல் எடுத்தால் செறிவு தப்பும்.

கொப்புள நோய்க்குத் தேயிலையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிக்கிற ஊர் இது. செம்பு கிருமியைக் கொல்லும் என்பதை யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. காம்ப்ளெக்ஸ் கூடுதலாக என்ன செய்கிறது என்பதே கேள்வி. 100 மைக்ரோகிராம் காம்ப்ளெக்ஸில் உள்ள செம்பு 60 மைக்ரோகிராம் காப்பர் அசிட்டேட்டில் இருக்கிறது. அதையும் தனி லிகாண்டையும் வெறும் டி.எம்.எஸ்.ஓ.வையும் பக்கத்தில் வையுங்கள். லிகாண்டின் இமின் பிணைப்பு (C=N) நீரில் உடைந்தால் வரும் சாலிசிலால்டிஹைடும் கிருமிக்கு ஆகாதது. வளையத்தின் அளவை நம்பாதீர்கள், அது பொருள் அகாரில் பரவும் வேகத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. முல்லர்-ஹின்டன் வளர்ப்புத் திரவத்தில் எம்.ஐ.சி. (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) எடுங்கள், மில்லிலிட்டருக்கு 5 லட்சம் செல்.