கிளை விழுந்தது நம் மரத்திலிருந்து, பொறுப்பு யாருடையது?

(குடும்பக் குழு, சனிக்கிழமை)

சித்தி, காலை 10:42
எல்லோரும் கொஞ்சம் பாருங்கள். வீட்டு மரத்தின் பெரிய கிளையைக் கழிக்க ஒரு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். கிளை பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்து விழுந்துவிட்டது. அவர்கள் கார் ஷெட்டின் கூரை நொறுங்கிவிட்டது, காரின் முன் கண்ணாடியும் பானெட்டும் போய்விட்டன. யாருக்கும் அடி இல்லை.

சித்தி, காலை 10:43
[3 படங்கள்]

நான், காலை 10:44
யாருக்கும் அடிபடவில்லை என்பதே பெரிய ஆறுதல் சித்தி. சித்தப்பா எங்கே?

சித்தி, காலை 10:46
வெளியூரில் இருக்கிறார், நாளை இரவுதான் வருவார். பக்கத்து வீட்டம்மாவுக்கு அனுப்ப இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "தப்பு எங்களுடையதுதான். முழுச் செலவையும் நாங்களே கொடுத்துவிடுகிறோம்." சரியாக இருக்கிறதா?

அக்கா, காலை 10:46
அனுப்பாதீர்கள் சித்தி. பொறுங்கள், எழுதுகிறேன்.

சித்தி, காலை 10:47
பல வருடப் பழக்கம். ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி இருப்பது?

அக்கா, காலை 10:52
வருத்தம் தாராளமாகச் சொல்லுங்கள், உதவியும் செய்யுங்கள். "தப்பு எங்களுடையது", "செலவு எங்களுடையது" என்ற இரண்டு மட்டும் எழுத்தில் வேண்டாம். யாருடைய கவனக்குறைவு என்று இன்னும் தெரியாது. உங்கள் வீட்டுக் காப்பீட்டில் மூன்றாம் தரப்புப் பொறுப்பு (நம்மால் அடுத்தவருக்கு நேரும் நஷ்டத்துக்கானது) என்ற பகுதி இருந்தால், அதில் ஒரு நிபந்தனை பெரும்பாலும் இருக்கும்: காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது. கொடுத்துவிட்டால் அதையே காரணம் காட்டி அவர்கள் கை விரிக்கலாம்.

அக்கா, காலை 10:54
இப்படி அனுப்புங்கள்: "நடந்ததற்கு மிகவும் வருத்தப்படுகிறேன். மழை வந்தால் நனையாமல் இருக்க ஷெட்டின் மேல் தார்ப்பாய் போட இப்போதே ஆள் அனுப்புகிறேன். கிளை வெட்டிய நிறுவனத்தின் காப்பீட்டு விவரத்தை வாங்கித் தருகிறேன். உங்கள் கார் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இன்றே தகவல் சொல்லிவிடுங்கள்."

சித்தி, காலை 10:55
சரி, இதையே அனுப்புகிறேன்.

மாமா, காலை 11:03
இப்போதுதான் பார்த்தேன். விழுந்த கிளையை யாராவது நகர்த்திவிட்டார்களா?

சித்தி, காலை 11:04
இல்லை அண்ணா. துண்டு போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று நிற்கிறார்கள்.

மாமா, காலை 11:05
ஏற்ற வேண்டாம் என்று சொல்லம்மா. காரின் மேல் கிடப்பதை எடுப்பதற்கு முன்னால் நான்கு பக்கமும் படம் எடு. எடுத்த பிறகும் அந்தத் துண்டு நம் வீட்டிலேயே இருக்கட்டும். அப்புறம் மரத்தில் வெட்டுப்பட்ட இடத்தைத் தனியாக, நெருக்கமாக ஒரு படம். அதுதான் எனக்கு முக்கியம்.

சித்தி, காலை 11:14
[படம்]

மாமா, காலை 11:21
பார். வெட்டுக்குக் கீழே அடிமரத்தில் பட்டை நீளமாக உரிந்து தொங்குகிறது, கொஞ்சம் கட்டையும் சேர்ந்தே கிழிந்திருக்கிறது. அடிவெட்டு போடவில்லை. நான் காப்பீட்டுச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக இருந்த காலத்தில் மரம் விழுந்த க்ளெய்ம் வந்தால் முதலில் இந்த இடத்தைத்தான் பார்ப்பேன்.

நான், காலை 11:22
அடிவெட்டு என்றால் என்ன மாமா?

மாமா, காலை 11:31
கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது, மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து ஏறக்குறைய ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, அதில் கிளை விழும். மிஞ்சிய கட்டையை அடிமரத்தோடு கிளை சேரும் புடைப்புக்கு வெளியே மூன்றாவதாக எடுப்பார்கள். முதல் வெட்டைப் போடாமல் மேலிருந்தே அறுத்தால், பாதி அறுக்கும்போதே கிளை தன் கனத்தில் ஒடிந்து, பட்டையைக் கிழித்துக்கொண்டு தொங்கி ஆடி விழும். எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் கூரையோ காரோ இருந்தால் மூன்று வெட்டும் போதாது, கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். படத்தில் கயிறு எங்கேயும் தெரியவில்லை.

மாமா, காலை 11:34
அந்தப் புடைப்பை ஏன் விட வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தவர். மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை, காயத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அடைத்துக்கொள்கிறது என்று 1977-இல் விளக்கினார். புடைப்பை வெட்டிவிட்டால் அந்தத் தடுப்பு பலவீனமாகிவிடும், உள்ளே அழுகல் இறங்கும். இன்று காரின் மேல் விழுந்தது கண்ணுக்குத் தெரிகிறது. மரத்துக்கு நேர்ந்தது சில வருடம் கழித்துத்தான் தெரியும்.

பெரியப்பா, காலை 11:40
நான் ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். மரம் நம்முடையது. நம் மரத்தால் அடுத்தவருக்கு நஷ்டம். நாம் கொடுப்பதுதானே நியாயம்?

அக்கா, காலை 11:53
நியாயமான கேள்விதான் பெரியப்பா. ஆனால் பொதுவாகச் சட்டம் மரம் யாருடையது என்பதோடு நிற்பதில்லை, யார் கவனமாக இருக்கவில்லை என்று கேட்கிறது. நல்ல மரம் புயலில் சாய்ந்தால் பெரும்பாலும் உரிமையாளர் மேல் குற்றம் வராது, சேதப்பட்டவர் தன் காப்பீட்டில்தான் வாங்க வேண்டும். அடிமரம் அழுகியிருக்கிறது என்று தெரிந்தும் விட்டு வைத்திருந்தால் உரிமையாளர் மாட்டுவார். இங்கே இரண்டும் இல்லை. தொழில் தெரிந்தவர்கள் என்று நம்பி ஒரு நிறுவனத்தை வைத்தோம், வேலை செய்தவர் தவறாகச் செய்தார். முதல் பொறுப்பு அவர்களுடையது.

அக்கா, காலை 11:55
ஆனாலும் நாம் முழுக்கத் தப்பிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். சித்தி, சில விஷயங்கள் தெரிய வேண்டும். ஏணி, ரம்பம் யாருடையது? எப்படி வெட்ட வேண்டும் என்று நீங்கள் ஏதாவது சொன்னீர்களா? விலை எழுத்தில் கொடுத்தார்களா?

சித்தி, மதியம் 12:02
எல்லாம் அவர்களுடையது. நான் எதுவும் சொல்லவில்லை. விலையை நிறுவனத்தின் தாளில் எழுதித்தான் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக் காரை நகர்த்தச் சொல்லட்டுமா என்று நேற்றே மேற்பார்வையாளரைக் கேட்டேன். தேவையில்லை என்றார். அது வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது.

அக்கா, மதியம் 12:04
அதை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கும் அனுப்பிவிடுங்கள். மிக முக்கியமான சான்று.

நான், மதியம் 12:06
ஏணி யாருடையது என்பது எதற்கு அக்கா?

அக்கா, மதியம் 12:12
தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு, நம் ஏணியையும் அரிவாளையும் கொடுத்து, "இதை வெட்டு, அதை விடு" என்று நாமே பக்கத்தில் நின்று வேலை வாங்கினால், அவர் நம் ஆள் மாதிரி ஆகிவிடுவார். அவர் செய்யும் தவறு நம் தலையில் வரும். தன் கருவி, தன் முறை, தன் பொறுப்பு என்று வருகிற ஒப்பந்தக்காரர் வேறு. அவர் விஷயத்திலும் தகுதி இல்லாதவர் என்று தெரிந்தே வைத்தால் நம்மைக் கேட்கலாம். தெருவை ஒட்டிய வேலை, இயல்பிலேயே ஆபத்தான வேலை என்றால் வேலை கொடுத்தவரையும் பொறுப்பாக்கிய தீர்ப்புகள் உண்டு.

அத்தை, மதியம் 12:15
மேலே ஏறிய பையன் விழுந்திருந்தால்?

மாமா, மதியம் 12:17
அதற்கு வேறு காப்பீடு. பொதுப் பொறுப்புக் காப்பீடு வெளியாட்களுக்கும் அவர்கள் சொத்துக்கும்தான். தொழிலாளிக்கு வருகிற காயத்துக்கு முதலாளி தனியாக எடுத்திருக்க வேண்டும். இரண்டையுமே கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆளை மரத்தில் ஏற விட வேண்டும்.

அத்தை, மதியம் 12:20
அந்தக் கிளை அவர்கள் பக்கம்தானே நீட்டிக்கொண்டிருந்தது? அவர்களே வெட்டியிருக்கலாமே.

அக்கா, மதியம் 12:27
வெட்டியிருக்கலாம் அத்தை. இங்கிலாந்தில் லெமன் எதிர் வெப் என்ற வழக்கில் 1894-இல் அதைத்தான் சொன்னார்கள். எல்லை தாண்டி வந்த கிளையைத் தன் நிலத்தில் நின்றபடி எல்லை வரைக்கும் வெட்டிக்கொள்ளலாம், முன்கூட்டிச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. பல நாடுகளில் அந்த மரபு இன்றும் தொடர்கிறது, சில இடங்களில் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் அதைக் கட்டுப்படுத்தும். வெட்டிய கிளையில் இருக்கும் பழம் மட்டும் மரத்துக்காரருடையது, அது 1919-இல் மில்ஸ் எதிர் புரூக்கர் வழக்கில். ஆனால் யார் வெட்டினாலும் கவனமாக வெட்ட வேண்டும், அதில் மாற்றமே இல்லை.

சித்தி, பிற்பகல் 2:35
மேற்பார்வையாளர் "எங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று இதை அனுப்பியிருக்கிறார். [படம்]

மாமா, பிற்பகல் 2:49
இது ஒரு பக்கச் சான்றிதழ். கொடுத்த நாளில் பாலிசி இருந்தது என்பதற்கு மட்டும் சாட்சி. இடையில் தவணை கட்டாமல் ரத்தாகியிருந்தால் இந்தத் தாளுக்குத் தெரியாது. தேதி சரியாக இருக்கிறது. காப்பீடு எடுத்தவர் பெயரும் விலைத்தாளில் இருக்கும் பெயரும் ஒன்றுதான், அதுவும் நல்லது. எனக்கு உறுத்துவது "தொழில் விவரம்" என்ற வரி. "தோட்டப் பராமரிப்பு" என்று மட்டும் இருக்கிறது. செடி கத்தரிப்பதற்கும், மரத்தில் ஏறி ரம்பம் பிடிப்பதற்கும் காப்பீட்டுக்காரர் கண்ணில் பெரிய வித்தியாசம் உண்டு. சில பாலிசிகளில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வேலை செய்தால் செல்லாது என்றே போட்டிருப்பார்கள். முழுப் பாலிசியைக் கேள், எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்று சொல்லும் விலக்குகள் இருக்கிற பக்கத்தோடு. சான்றிதழில் பாலிசி எண் இருக்கிறது, நிறுவனத்தின் எண்ணைத் தனியாகத் தேடி எடுத்து நீயே அழைத்துக் கேள். இவர் தருகிற எண் வேண்டாம்.

சித்தி, மாலை 4:20
அழைத்தேன் அண்ணா. பாலிசி நடப்பில் இருக்கிறது, ஆனால் மரம் ஏறி வெட்டும் வேலை அதில் சேரவில்லை என்கிறார்கள். இப்போது என்ன செய்வது? எனக்குக் கை நடுங்குகிறது.

மாமா, மாலை 4:26
பதறாதே. காப்பீடு இல்லை என்பதால் அவர்கள் பொறுப்பு போய்விடாது. பொறுப்பு வேறு, அந்தப் பணத்தை யார் கட்டுகிறார்கள் என்பது வேறு. காப்பீட்டு நிறுவனம் கட்டாவிட்டால் முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். வாங்குவதுதான் சிரமம், அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கிறோம்.

மாமா, மாலை 4:33
பக்கத்து வீட்டுக்காரர்கள் காருக்கு முழுக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்று கேள். இருந்தால் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் அங்கிருந்தே கிடைத்துவிடும், அவர்கள் பங்காக ஒரு தொகையைக் கழிப்பார்கள். கொடுத்த பணத்தை அந்த நிறுவனமே பிறகு வெட்டியவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் என்றால் அவர்கள் காருக்கு எதுவும் கிடைக்காது.

அக்கா, மாலை 4:36
இதை அந்த அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள் சித்தி. மேற்பார்வையாளர் கொஞ்சம் பணம் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துக் கேட்டால் போடவே கூடாது. போட்டால் அவர்கள் காப்பீட்டு நிறுவனம் வெட்டியவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை போய்விடும். அந்தக் காரணத்துக்காகவே க்ளெய்மை மறுக்கலாம்.

பெரியப்பா, மாலை 4:41
ஷெட் பழையது. புதிதாகவே கட்டித் தருவார்களா?

மாமா, மாலை 4:47
பொதுவாக இல்லை அத்தான். சேதத்துக்கு முன்னால் இருந்த நிலைக்குத் திருப்புவதுதான் கணக்கு. பழைய கூரைக்குப் பதில் புதிய கூரை போட்டால் தேய்மானத்தைக் கழித்துத்தான் கொடுப்பார்கள். புதுவிலைக்கே எடுத்த பாலிசி என்றால் வேறு. அந்த வித்தியாசத்தை நாம் பகிர்ந்துகொள்ளலாம் என்று நீங்கள் நினைத்தால், அக்கம்பக்கத்து அன்பாகக் கொடுக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு, பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதிவிட்டுக் கொடுப்போம்.

பெரியப்பா, மாலை 4:49
அது எனக்குச் சம்மதம். என் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சித்தி, மாலை 6:10
நிறுவனத்தின் முதலாளியே வந்தார். அக்கா தொலைபேசியில் சொன்னபடி எழுதிக் கொடுத்திருக்கிறார்: சேதம் அவர்கள் வேலையின்போது நடந்தது, ஷெட் பழுதுபார்க்கும் செலவும், காருக்குக் காப்பீட்டில் கழிகிற தொகையும் அவர்கள் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டில் முழுக் காப்பீடு இருக்கிறது, சர்வேயர் திங்கட்கிழமை வருகிறார். அந்த அம்மா தார்ப்பாய்க்கு நன்றி சொன்னார்.

மாமா, மாலை 6:14
நல்லது. காலையில் அனுப்பிய படத்தில் இன்னொன்றும் பார்த்தேன், இப்போது சொல்கிறேன். வலப்பக்கம் பாதி அறுத்த கிளை ஒன்று அப்படியே நிற்கிறதே?

சித்தி, மாலை 6:15
ஆமாம் அண்ணா. பாதியில் விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள்.

மாமா, மாலை 6:19
அதை நாளைக்குத் தள்ளாதே. இன்று காலை விழுந்தது அவர்கள் கவனக்குறைவு. அந்தக் கிளை ஆபத்தாக நிற்கிறது என்று இப்போது உனக்குத் தெரியும். தெரிந்து விட்டு வைத்து, இரவில் காற்றடித்து விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது நீதான். அதன் கீழே யாரும் போகாமல் கயிறு கட்டு, பக்கத்து வீட்டிலும் சொல்லி அந்தப் பக்கம் எதையும் நிறுத்த வேண்டாம் என்று சொல். இன்றே வேறு ஆளைத் தேடு.

நான், மாலை 6:22
நான் இரண்டு மூன்று இடத்தில் கேட்கிறேன் சித்தி. மரம் ஏறும் வேலை பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

நான், இரவு 7:31
ஒருவர் கிடைத்தார். கயிறு கட்டி இறக்குவார்களாம். கேட்டவுடனே முழுப் பாலிசியை அனுப்பிவிட்டார், தொழிலாளர் காப்பீட்டையும் சேர்த்து. தொழில் விவரத்தில் "மரம் ஏறுதல், கிளை நீக்குதல்" என்று இருக்கிறது. இன்று இரவே விளக்கோடு வந்து கிளையைக் கயிற்றில் கட்டி நிறுத்திவிட்டு, காலை வெளிச்சத்தில் வெட்டுகிறோம் என்கிறார். [கோப்பு]

மாமா, இரவு 7:33
விலக்குகள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன? படித்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை வரச் சொல்ல வேண்டாம்.

மாமா, இரவு 7:52
படித்துவிட்டேன். உயரக் கட்டுப்பாடு இல்லை. வரச் சொல்லலாம்.