லாக்டவுன் போன பிறகும் பிரிட்டன் பப்கள் பழையபடி ஆகவில்லையே, உங்கள் ஊரில் எப்படி?

சாரல், லீட்ஸ்

2020 மார்ச் 20 ராத்திரியோடு பப்களை மூடச் சொன்னார்கள். ஜூலை 4-ல் இங்கிலாந்தில் திறந்தார்கள், செப்டம்பரில் ஆறு பேருக்கு மேல் சேரக்கூடாது, பத்து மணிக்குக் கடையைச் சாத்த வேண்டும், கவுண்டரில் போய் வாங்கக்கூடாது, உட்கார்ந்த இடத்துக்குத்தான் பீர் வரும் என்றார்கள், நவம்பரில் மறுபடி மூடல், டிசம்பரில் பல ஊர்களில் முழுச் சாப்பாடு வாங்கினால்தான் ஒரு பைன்ட் பீர் என்று ஆகி, இறைச்சி சுற்றிப் பொரித்த முட்டையான ஸ்காட்ச் எக் முழுச் சாப்பாட்டில் சேருமா என்று அமைச்சர்களே டிவியில் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. 2021 ஜூலை 19-ல் எல்லாக் கட்டுப்பாடும் போயிற்று.

சரி, விதி போய்விட்டது, பழக்கம் திரும்பவில்லை என்பதுதான் என் வருத்தம். நான் போகிற பல இடங்களில் இன்னும் மேசையை முன்பதிவு செய்யச் சொல்கிறார்கள், ஆர்டர் ஆப் வழியாகத்தான். கூட்டமாக வருகிறவர்களுக்கு அது வசதி. தனியாக வருகிறவனுக்கு மேசை எதற்கு? அவனுக்கு இடம் கவுண்டர்தான். அங்கே நின்றால் பக்கத்தில் நிற்கிறவர் மழையைப் பற்றியோ லீட்ஸ் யுனைடெட் கால்பந்து அணியைப் பற்றியோ பேச்சைத் தொடங்குவார், ஒரு மணி நேரத்தில் நாலு பேர் பழக்கமாகிவிடுவார்கள். இந்த நாட்டுக்குப் படிக்க வந்த புதிதில் எனக்குக் கிடைத்த நண்பர்கள் எல்லாரும் அப்படிக் கிடைத்தவர்கள்தான். இப்போது வருகிற பையன்களுக்கு அது கிடைக்குமா? அப்புறம், வீட்டுக் குடி நிஜமாகவே கூடியிருக்கிறதா?

கடைக்கார அண்ணன், ஈஸ்ட் ஹாம்

தம்பி, இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணம், இங்கே ஆஃப் லைசன்ஸ் கடை, அதாவது வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடிக்க மது விற்கிற கடை, வைத்திருக்கிறேன். லண்டனில் எங்கட ஆட்கள் கனபேர் இந்த வியாபாரம்தான். பப்களை மூடி ஐந்து நாளில், மார்ச் 25-ல், எங்கள் கடைகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தார்கள். பப்புக்குப் போக வேண்டிய காசு எங்கள் கடைகளுக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் வந்தது, அதை மறைத்துக் கதைக்க மாட்டேன்.

ஆனால் வாங்குகிற விதம் மாறியதைப் பார்த்து மனம் சரியில்லாமல் போனது. வெள்ளிக்கிழமை நாலு கேன் வாங்கிப்போன ஆள் செவ்வாய்க்கிழமை பகலில் 70 சென்டிலிட்டர் வோட்கா போத்தல் கேட்கத் தொடங்கினார். பப்பில் ஒரு சிங்கிள் என்றால் 25 மில்லி, அளந்துதான் ஊற்றுவார்கள். ஆள் தள்ளாடினால் போதும் என்று நிறுத்தலாம், குடிவெறியில் இருப்பவருக்கு விற்பது குற்றம். எனக்கும் அதே சட்டம்தான், ஆனால் என் கடைக்கு வரும்போது ஆள் தெளிவாகத்தானே நிற்கிறார். வீட்டில் எவ்வளவு ஊற்றுகிறார், எப்போது நிறுத்துகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்களில் சிலர் பப்புக்குத் திரும்பவே இல்லை. கடையில் பாதி விலை, பிறகு ஏன் போவார்கள்?

நர்ஸ் மீனா, பர்மிங்காம்

அண்ணா சொல்வதைத்தான் நாங்கள் வார்டில் பார்த்தோம். பிரிட்டன் முழுக்க மதுவை நேரடிக் காரணமாகக் கொண்ட சாவுகள் 2019-ல் 7,565. 2020-ல் 8,974. ஒரே வருடத்தில் 18.6 சதவீதம் கூடியது. கட்டுப்பாடு எடுத்ததும் குறையும் என்று நம்பினோம், 2023-ல் அது 10,473 ஆகிவிட்டது. பெரும்பாலும் கல்லீரல் நோய்.

நாடு மொத்தமும் குடியில் விழுந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கொஞ்சமாகக் குடித்தவர்கள் பலர் இன்னும் குறைத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே அதிகம் குடித்தவர்கள்தான் வீட்டுக்குள் உட்கார்ந்து இன்னும் அதிகமாக்கினார்கள், அந்த நேரத்தில் ஆலோசனை மையங்களும் நேரில் இயங்கவில்லை. பப்பில் ஒரு ஆள் முகம் மஞ்சளடித்தால் கூட இருப்பவர்கள் ஒரு வார்த்தை கேட்பார்கள். வீட்டில் தனியாக இருப்பவரை யார் பார்ப்பது? உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் தயவுசெய்து திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. முதலில் குடும்ப டாக்டரான ஜிபியிடம் கூட்டிப்போங்கள்.

மேற்குக்கரை, மேயோ, அயர்லாந்து

எங்களுக்கு இன்னும் மோசம். 2020 மார்ச் 15-ல், செயின்ட் பேட்ரிக்ஸ் டேக்கு இரண்டு நாள் இருக்கும்போது மூடினார்கள். ஜூன் 29-ல் திறந்தபோது 9 யூரோவுக்குக் குறையாத சாப்பாடு போடுகிற பப்களுக்கு மட்டும் அனுமதி. கிராமத்துப் பப்பில் சமையலறை ஏது? வெட் பப் என்று இங்கே சொல்கிற அந்தக் கடைகள் டப்ளினுக்கு வெளியே செப்டம்பர் 21 வரை காத்திருந்தன, திறந்து ஒரு மாதத்தில் நாடு முழுக்க மறுபடி பூட்டு. உள்ளே உட்கார்ந்து குடிக்க 2021 ஜூலை 26 ஆயிற்று, அதுவும் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டி. தனியாக வாழ்கிற வயதான விவசாயிகளுக்கு ஞாயிறு பூசையை விட்டால் மனித முகம் பார்க்கிற இடம் அந்தப் பப்தான். ஒரு பைன்டை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருப்பார்கள். குடி அங்கே சாக்கு. ஒன்றரை வருடத்தில் அவர்களில் சிலர் வெளியே வருகிற வழக்கத்தையே விட்டுவிட்டார்கள், அவர்களை நம்பியிருந்த கடைகளும் சில நிரந்தரமாக மூடிவிட்டன.

தேன்மொழி, கிளாஸ்கோ

எனக்கு வேறு கருத்து. சாரல் அண்ணா, நீங்கள் சொல்கிற கவுண்டர் ஆண்களுக்கு நல்ல இடம். மூன்று வரிசை ஆட்களை இடித்துக்கொண்டு போய், பார்க்காரர் கண்ணில் படுவதற்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. மேசைக்கே வரும் என்று ஆனபோதுதான் நான் தோழிகளோடு நிம்மதியாகப் போக ஆரம்பித்தேன்.

ரவுண்டு, அதாவது ஆளுக்கொரு முறை எல்லாருக்கும் சேர்த்து வாங்குகிற வழக்கமும் தளர்ந்தது நல்லதுதான். ஐந்து பேர் போனால் ஐந்து ரவுண்டு, வேகமாகக் குடிப்பவரின் வேகத்துக்கு எல்லாரும் ஓட வேண்டும், நடுவில் விலகினால் கஞ்சன் என்று பெயர். ஆப்பில் அவரவருக்கு வேண்டியதை வாங்கிக்கொள்கிறோம். நான் ஆல்கஹால் இல்லாத பீரான கின்னஸ் 0.0 வாங்கினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. 2020 ஆகஸ்டில் ஸ்காட்லாந்து பப்களில் பாட்டையும் டிவி சத்தத்தையும் தடை செய்தார்கள், சத்தத்தில் ஆட்கள் கத்திப் பேசி, முகத்தருகே குனிவதால் தொற்று பரவும் என்று. எல்லாரும் திட்டினார்கள். எனக்கோ எதிரே இருப்பவர் பேசுவது முழுசாகக் காதில் விழுந்தது அந்த நாட்களில்தான்.

சாரல், லீட்ஸ்

தேன்மொழி, நெரிசல் விஷயம் நீங்கள் சொல்வது நியாயம், ரவுண்டு பற்றியும் ஒப்புக்கொள்கிறேன். ஆப் இருக்கட்டும், மேசையும் இருக்கட்டும். ஆனால் கவுண்டர் முன்னால் இருந்த ஸ்டூல்களைத் தொற்றுக்காக எடுத்தவர்கள் இன்னும் திருப்பிப் போடாமல் இருப்பதற்கு என்ன காரணம்? மேயோ நண்பர் சொல்கிற பெரியவர்கள் மாதிரி இங்கேயும் இருக்கிறார்கள், அவர்கள் கையில் ஆப்பும் இல்லை. மீனா அக்கா சொன்னதைப் படித்த பிறகு அவர்கள் வீட்டில் தனியாகக் குடிக்காமல் நாலு பேர் நடுவில் குடிப்பதே மேல் என்று தோன்றுகிறது. லீட்ஸில் ஹெடிங்லி, கிர்க்ஸ்டால் பக்கம் தனியாக ஆள் போய் நின்று குடிக்கிற மாதிரி கவுண்டர் வைத்திருக்கிற பப் யாருக்காவது தெரிந்தால் இங்கே போடுங்கள். இந்த வருடம் வந்த இரண்டு தம்பிகளைக் கூட்டிப்போக வேண்டும், அவர்களில் ஒருவர் குடிப்பதில்லை.