கேற் கீற கைட் கோடு போதுமோ, கட்டுப்பாடும் வேணுமோ?

சுன்னாகம் பட்டறை:
10 அடி வாசலுக்கு ரெண்டு கதவுக் கேற். இங்க்ஸ்கேப் எண்ட படம் கீறுற மென்பொருளிலை, றூலரிலை இருந்து கைட் கோடுகளை (கீறலுக்கு வழிகாட்டுற கோடுகள்) இழுத்து, கம்பியெல்லாத்தையும் அதிலை ஸ்னாப் பண்ணி, அதாவது ஒட்டிப் பிடிக்க வைச்சு, வடிவாக் கீறி முடிச்சன். பேந்துதான் வீட்டுக்காரர் சொல்லுறார், தூணுக்குச் சாந்து பூசினாப் பிறகு வாசல் 9 அடி 10 அங்குலமாம். கைட் கோட்டை நகர்த்தினன், கம்பி ஒண்டும் கூட வரேல்லை. ஒவ்வொண்டா ஒட்டி முடிக்க இரவு ஒரு மணி. கீறினாப் பிறகும் கோடு அளவைப் பிடிச்சு வைச்சிருக்காதோ?

கொக்குவில் கீறல்:
தம்பி, கைட் எண்டது இழுக்கேக்கை மட்டும் கை குடுக்கிற சாமான். விட்டாப் பிறகு அதுக்கும் கம்பிக்கும் தொடர்பில்லை. அதாலைதான் கை தடையில்லாமல் ஓடுது. முதல் கம்பியையும் கடைசிக் கம்பியையும் இடத்திலை வைச்சு, நடுவிலை உள்ளதுகளின்ரை இடைவெளியைச் சமமாக்கிற பொத்தானை அமத்துங்கோ. மற்றக் கதவுக்கு முதல் கதவைக் குளோன் (மூலத்தோடை தொடர்புள்ள நகல்) எடுத்துப் புரட்டி விடுங்கோ, மூலத்தைத் திருத்த நகலும் திருந்தும்.

நல்லூர் வரைபு:
இடைவெளிக்கு அது சரி அண்ணை. மேல் வளைவுக்கு என்ன செய்வியள்? அகலம் குறைஞ்சா ஆரையும் மாறோணும், சட்டத்தைத் தொடலியாத் (முறிவில்லாமல் வழுவழுப்பாச் சேருற மாதிரி) தொடவும் வேணும். ஃப்ரீகாட் எண்ட வடிவமைப்பு மென்பொருளின்ரை ஸ்கெச்சர் பகுதியிலை சமன், சமச்சீர், தொடலி எண்டு கோடுகளுக்கிடையிலை உறவைச் சொல்லிவிட்டா (இதைத்தான் கட்டுப்பாடு எண்டுறது), 120 அங்குலத்தை 118 ஆக்க முழுக் கேற்றும் தானா ஒழுங்காகும். இது நேற்று வந்ததும் இல்லை. 1963 இலை அமெரிக்காவின்ரை எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்திலை ஐவன் சதர்லாண்ட் செய்த ஸ்கெச்பாட் எண்ட கணினி வரைபு நிரலிலையே, திரையிலை கீறுற ஒளிப்பேனாவாலை கீறின கோடுகளைச் சமாந்தரம், செங்குத்து எண்டு பிணைக்கலாம்.

கொக்குவில் கீறல்:
கேற்றிலை மயில் கேக்கிற ஆக்கள் எத்தினை பேர்! தோகைக்கு எத்தினை கட்டுப்பாடு போடுவியள்? ஒண்டு கூடினா முரண் எண்டு சொல்லி நிண்டிடும். நீங்கள் உறவு சொல்லி முடிக்கிறதுக்குள்ளை நான் கீறி வெட்டக் குடுத்திடுவன்.

நல்லூர் வரைபு:
மயிலை நானும் இங்க்ஸ்கேப்பிலைதான் கீறுறன். சட்டம், கம்பி, வளைவு மட்டும் ஃப்ரீகாட்டிலை. முரண்படுற கட்டுப்பாட்டின்ரை இலக்கத்தை அதுவே காட்டும், அதை அழிச்சாச் சரி. நடுக்கோட்டைக் கட்டுமானக் கோடா மாத்துங்கோ. அது வெட்டுக்குப் போகாது, ஆனா ரெண்டு கதவும் அதைப் பிடிச்சுத்தான் நிக்கும். தம்பி கேட்ட கைட் கோடு அதுதான்.

சுன்னாகம் பட்டறை:
கொக்குவில் அண்ணை, ஒரு கேற்றை ஒருக்காத்தான் செய்யிறம், ஆனா அளவு மூண்டு தரம் மாறுது. சாந்துக்கு முந்தி ஒண்டு, பூசினாப் பிறகு ஒண்டு, தூணுக்கு ஓடு ஒட்டினா இன்னொண்டு. இப்ப 118 ஐ 117 ஆக்கிப் பாத்தன், கதவு ரெண்டும் அரை அங்குலம் அரை அங்குலமாச் சுருங்கிச்சு. வளைவு மட்டும் சட்டத்தோடை முறிஞ்சு நிக்குது. தொடலியை எதிலை போடுறது?

நல்லூர் வரைபு:
வளைவின்ரை முனைப் புள்ளியையும் சட்டத்தின்ரை முனைப் புள்ளியையும் தெரிவு செய்து போடுங்கோ. கோட்டைத் தெரிவு செய்தா முனை ஒட்டாது.