ட்ரன்னியனுக்கு எண்ணெயா, கிரீஸா? பெங்களூரு பழைய கார்க்காரர்களின் அனுபவப் பகிர்வு

அல்சூர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு:

பழைய கார்களுக்காக நாம் சேர்ந்து எழுதிவரும் இணையக் குறிப்பேட்டில் ஒரே தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு திரும்புகிற மரை மூட்டுதான் ட்ரன்னியன். "முன்சக்கர ட்ரன்னியனுக்குக் கிரீஸ் கூடவே கூடாது, எண்ணெய்தான்" என்கிறது ஒன்று. "கிரீஸ் அடிக்காமல் விட்டால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும்" என்கிறது மற்றது. இரண்டில் ஒன்றை அழித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். அழிக்க வேண்டாம். முதல் வரி ஹெரால்டுக்கு உரியது, இரண்டாவது மாரிஸ் மைனருக்கு உரியது. எழுதிய இருவருக்கும் உலகத்தில் இருப்பது ஒரே ஒரு கார், அது அவரவர் வீட்டு வாசலில் நிற்பது. அதனால் பெயரைப் போடத் தோன்றவில்லை.

ஹெரால்டின் முன்பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் எஃகுத் தண்டு, மஞ்சள் உலோக ட்ரன்னியனுக்குள் மரை வழியாக இறங்குகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சுழல்வது அந்த மரைதான். அதற்குக் கம்பெனிக் கையேடு சொல்வது இ.பி. 90 வகை கியர் எண்ணெய். கிரீஸ் அடித்தால் அது நாளடைவில் இறுகிப் பாதையை அடைக்கும், உள்ளே புகுந்த தண்ணீர் அங்கேயே தங்கும், மரையின் பள்ளத்தில் துரு ஏறும், பிறகு ஏதோ ஒரு வளைவில் தண்டு முறிந்து சக்கரம் சரியும். மைனர் கதை வேறு. அதன் ட்ரன்னியன்களுக்குக் கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளே வைத்துத்தான் கொடுத்தார்கள். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து கழன்று அதே கதிதான்.

எனக்கு இதைக் காட்டியவர் சிவாஜிநகர் சந்து ஒன்றில் இன்னும் வேலை பார்க்கும் தமிழ் மெக்கானிக் ஒருவர். வேலூர்ப் பக்கத்துக்காரர், வாடிக்கையாளரிடம் கன்னடம், உதவிப் பையனிடம் உருது, திட்டுவதற்கு மட்டும் தமிழ். முதலில் கையில் நோட்டோடு போய் நின்றேன். ஹெரால்டில் எதைக் கவனிக்க வேண்டும் ஐயா என்றால், "எல்லா வண்டியும் ஒன்றுதான் தம்பி, ஓட்டுகிறவன்தான் வேறு" என்று ஒரு வரியோடு முடித்துக்கொண்டார். வண்டியையே கொண்டுபோய் ஜாக்கி போட்டு நிறுத்தியதும் மனிதர் மாறிவிட்டார். சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பார்த்தார். காட்டன் வேஸ்ட்டால் ட்ரன்னியனைத் துடைத்து, அடியில் இருந்த சிறிய பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் தற்காலிகமாக ஒரு நிப்பிளை மாட்டினார். அலமாரிக்கு அடியிலிருந்து சிவப்புப் பெயின்ட் அடித்த கிரீஸ் கன் ஒன்று வந்தது. அதற்குள் கிரீஸ் இல்லை, கியர் எண்ணெய். "இது ஹெரால்டு கன். பையன்கள் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்றுதான் சிவப்பு" என்றார். ட்ரன்னியனின் மேல் விளிம்பில் புது எண்ணெய் கசிந்து வரும்வரை அழுத்தினார்.

ஆகவே என் யோசனை இதுதான். பேட்டி எடுக்கப் போகாதீர்கள், வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள். அவர்களுடைய நினைவு கையில் இருக்கிறது, கேள்விக்கு அது வாய் திறப்பதில்லை. எழுதும்போது எந்த வண்டி, எந்த வருடம், எந்த வேலையின்போது பார்த்தது என்று சேர்த்து எழுதுங்கள். உங்களுக்கு வாய்த்ததைக் கீழே சொல்லுங்கள்.

காக்ஸ் டவுன், மாரிஸ் மைனர்:

எனக்கு வாய்த்தது மெக்கானிக் இல்லை, அப்பாவின் நோட்டு. அப்பா இறந்த பிறகு வண்டியின் கையுறைப் பெட்டியில் கிடைத்தது. பழைய கணக்கு நோட்டு, மூலையெல்லாம் எண்ணெய்க் கறை. தேதி, மீட்டர், என்ன மாற்றினார், எவ்வளவு கொடுத்தார் என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். டேப்பட் 12 தௌ, பாயிண்ட் 15 தௌ, பிளக் 25 தௌ என்று என்ஜினில் விட வேண்டிய இடைவெளிகள் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் தௌ என்கிறோம் என்று புதியவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அந்த நோட்டின் அருமை ஒரு பேட்டரிக் கடை வாசலில்தான் எனக்குப் புரிந்தது. புது பேட்டரியோடு வந்த பையன் வழக்கப்படி மைனஸை பாடியில் மாட்டப் போனான். நோட்டில் அப்பா பெரிய எழுத்தில் "பிளஸ்தான் பாடி" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். மைனர் அப்படித்தான் வந்தது, அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவும் அப்படியே. பையன் சிரித்தான். "அக்கா, கறுப்பு ஒயர் என்றாலே மைனஸ்" என்றான். அவன் படித்த வண்டிகளில் அது சரி. மாற்றி மாட்டினாலும் மைனர் ஸ்டார்ட் ஆகும், விளக்கு எரியும், வைப்பர் ஓடும், அதுதான் ஆபத்து. டைனமோவின் காந்தப் போக்கை மாற்றாமல் பேட்டரியை மட்டும் திருப்பிவிட்டால் டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட்டின் பாயிண்டுகள் ஒட்டிக்கொண்டு கருகும், அதற்குள் கடைக்காரர் பணம் வாங்கிப் போயிருப்பார்.

பின்னால் வந்த சிலர் தங்கள் மைனரை மைனஸ் எர்த்துக்கு, அதாவது மைனஸ் பாடியில் சேரும்படி, முறையாக மாற்றியிருக்கிறார்கள். மொபைல் சார்ஜர் வைக்க வேண்டுமே! ஆகவே "மைனர் என்றால் பிளஸ் எர்த்" என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதுவதும் பொய்யாகிவிடும். "கம்பெனியிலிருந்து வந்தது இப்படி, உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்" என்று இரண்டு வரி எழுதியிருக்கிறேன். நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்துப் போட்டுவிட்டேன். கடன் கணக்கு இருந்த பக்கங்களை மட்டும் விட்டுவிட்டேன், அது அப்பாவின் சொந்த விஷயம்.

ஜாலஹள்ளி, வண்டி இல்லை:

எனக்குக் கார் கிடையாது. எச்.எம்.டி. டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பக்கத்து வீட்டுக்காரரின் எம்.ஜி. டி.சி.க்காக இங்கே இழுத்து வரப்பட்டேன்.

குறிப்பேட்டைப் படித்தேன். "அரை இஞ்ச் ஸ்பானர் போதும்", "13-ஆம் நம்பரும் சேரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். சேராது. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13-ஐப் போட்டால் உட்காரும், இறுகின நட்டாக இருந்தால் முனை மழுங்கும். பிறகு உளி, சுத்தியல் என்று போகும். 19-க்கும் முக்கால் அங்குலத்துக்கும் வித்தியாசம் மயிரிழை, அது பரவாயில்லை. 9/16 மீது 14 ஏறவே ஏறாது. ஃபியட்டுக்கு மில்லிமீட்டர், ஹெரால்டுக்கு யு.என்.எஃப். என்ற நெருக்கமான அங்குல மரை, தலை அங்குலக் கணக்கு. போருக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டி என்றால் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் தடிமன், தலையின் அகலம் இல்லை. கால் அங்குலம் என்று பொறித்த ஸ்பானரின் வாய் அரை அங்குலத்தைவிடப் பெரியது, 0.525 அங்குலம்.

அந்த டி.சி. இருக்கிறதே, அதன் 1250 சி.சி. என்ஜின் எல்லோருக்கும் மேலே. மரை மெட்ரிக், போல்ட்டின் தலை விட்வொர்த். பக்கத்து வீட்டுக்காரர் அங்குல போல்ட்டை அங்கே முறுக்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தி, மரைக் கேஜ் வைத்துக் காட்டினேன். அன்றிலிருந்து என்னைக் கேட்காமல் ஒரு போல்ட்டும் திருகுவதில்லை. என் மாலை நடை போயிற்று.

ஒரு வேண்டுகோள். தேய்ந்த புஷ்ஷை, அதாவது தண்டு சுழலும் குழலை, படம் எடுத்துப் போட்டு "இது எங்கே கிடைக்கும்" என்று கேட்காதீர்கள். உள்விட்டம், வெளிவிட்டம், நீளம், எந்த உலோகம் என்று அளந்து போடுங்கள். தேயாத ஓரத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்க வேண்டும், தேய்ந்த இடத்தில் அளந்தால் தேய்மானத்தையும் சேர்த்தே புதிதாகக் கடைந்து தருவான். பீன்யா தொழிற்பேட்டையில் லேத்துக்கு என்ன பஞ்சம்? வரைபடம் கொடுத்தால் கன்மெட்டல் என்ற வெண்கலத்தில் கடைந்து தர ஆள் இருக்கிறார்கள்.

ஸ்ரீராமபுரம், பிரீமியர் பத்மினி:

மெக்கானிக் மகன் எழுதுகிறேன். மேலே சிவப்பு கிரீஸ் கன் கதையைப் படித்தேன், நன்றாக இருக்கிறது. அந்தப் பெரியவர் உங்களிடம் அதற்கு எவ்வளவு வாங்கினார் என்று எழுதவில்லையே? அதையும் எழுதியிருக்கலாம்.

எங்கள் பட்டறைக்கு ஒருவர் வந்தார். அப்பா பத்மினியின் கார்புரேட்டரைப் பிரிக்கும்போது முழுவதையும் வீடியோ எடுத்தார். பெட்ரோலை அளந்து விடும் எந்த ஜெட்டை எதற்கு மாற்றினார், எந்தக் கேஸ்கெட்டை எதிலிருந்து வெட்டினார் என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். அப்பாவுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும், சொல்லிவிட்டார். அந்தக் குறிப்பு பிறகு வேறொருவர் பெயரில், "எங்கள் ஆய்வில் தெரிந்தது" என்று சுற்றியது. அந்த வண்டி மறுபடி எங்கள் பக்கம் வரவில்லை. அப்பா கோபப்படவில்லை. "வீடியோவில் காது இருக்காது, திரும்பி வருவான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது.

ஒரு சேதி தெரியும்தானே? 2003 அக்டோபரில் பதிவான கடைசி பத்மினி டாக்சி, இருபது வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபரோடு மும்பைத் தெருவை விட்டுப் போனது. குர்லாவில் செய்த வண்டி, அதே ஊரில் முடிந்தது. அத்தனை டாக்சி ஓடியவரை உதிரிப் பாகம் தடையில்லாமல் வந்தது. இனி பாகம் குறையும், கை வேலை கூடும். அப்பா போன்றவர்களுக்குத் தெரிந்ததன் விலை ஏறும் காலம் இது. அந்த நேரம் பார்த்து இலவசமாக எழுதிக் கொடு என்றால் எப்படி?

எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. பட்டறையின் பெயர், இடம், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது குறிப்பின் தலையிலேயே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பத்மினியின் கார்புரேட்டர் பகுதியை நானே எழுதுகிறேன். அடியில் சின்ன எழுத்தில் "நன்றி" என்று போடுவது எங்களுக்கு வேண்டாம்.

அல்சூர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு:

நியாயம். ட்ரன்னியன் குறிப்பில் சிவாஜிநகர்ப் பெரியவரின் பட்டறையை, அவரைக் கேட்டுக்கொண்டு, முதல் வரியில் போடுகிறேன். கூலியையும் போடுகிறேன். அவர் கேட்டதைவிடக் கூடக் கொடுத்தேன் என்பதை மட்டும் போட மாட்டேன், அடுத்தவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

ஒயிட்ஃபீல்டு, மாரிஸ் மைனர்:

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றிக் குறிப்பேட்டில் ஆளாளுக்குப் புலம்பியிருக்கிறோம், உருப்படியாக ஒன்றும் இல்லை. 2023 பிப்ரவரியில் அதை அறிமுகப்படுத்தியதே நம் பெங்களூரில்தான். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை ஊதவைக்கும், பம்பின் டயாஃப்ரத்தைக் கெடுக்கும், டேங்கில் பல வருடமாக ஒட்டியிருந்த கசடைக் கிளப்பிவிட்டு ஃபில்டரை அடைக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எத்தனாலுக்குள் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிகிறது, அதற்கு கார்புரேட்டரை எவ்வளவு திருத்த வேண்டும் என்பதைத்தான் யாரும் எழுதவில்லை.

நான் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவன், வண்டியும் கூடவே வந்தது. அங்கே சரியாக ஓடிய மைனர் இங்கே வந்ததும் பிளக்கில் கரி கட்டியது. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு, அதே பெட்ரோல் அளவு இங்கே அதிகமாகிவிடுகிறது. எஸ்.யு. கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ஆறுமுக நட்டை மெக்கானிக் ஒரு முகம் மேலே ஏற்றினார், கலவை மெலிந்தது, கரி போயிற்று. இ20 வந்த பிறகு வண்டி ஏற்றத்தில் திணறி முணுமுணுத்தது. அதே நட்டை அதே ஒரு முகம் கீழே இறக்கினார். "சார், உங்கள் வண்டி மறுபடி மெட்ராஸ் வண்டி ஆகிவிட்டது" என்றார். சென்னை நண்பர் இதை அப்படியே செய்தால் பொருந்தாது. ஆகவே ஊரையும் எழுதுங்கள், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளக்கும் ஊசியான நீடிலின் தண்டில் பொறித்திருக்கும் எழுத்தையும் எழுதுங்கள். நீடில் வேறானால் நட்டைப் பற்றிச் சொல்வது எதுவும் செல்லாது.

பனசங்கரி, நான்கு கதவு ஹெரால்டு:

50 வயது தாண்டிய வண்டிகளுக்கான 2021 விதியின்படி 'வி.ஏ.' வரிசைப் பதிவு எண்ணுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பரிசோதனைக்கு வந்தவர் மொபைலில் ஹெரால்டு படம் பார்த்துவிட்டு, "எல்லாப் படத்திலும் இரண்டு கதவுதான், உங்களுக்கு மட்டும் நான்கு எப்படி? பாடியை வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள்" என்றார். அவர்மேல் குற்றம் இல்லை, இங்கிலாந்து ஹெரால்டு சலூனுக்கு இரண்டு கதவுதான். நான்கு கதவு மார்க் 3 நம் ஊரில், சென்னை ஸ்டாண்டர்டு தொழிற்சாலை மட்டும் செய்தது. வாயால் சொன்னதை அவர் ஏற்கவில்லை. அந்தக் காலத்து விளம்பரத் தாள் ஒன்றை நண்பர் வீட்டுப் பரணிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்த பிறகு குறித்துக்கொண்டார். முடிவு இன்னும் வரவில்லை.

நான்கு கதவு வைத்திருப்பவர்கள் ஆர்.சி. புத்தகம், சேஸிஸ் தகடு, பழைய குடும்பப் படங்கள் இவற்றைக் குறிப்பேட்டில் சேருங்கள். சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களை மறைத்துவிட்டால் போதும். அப்படியே பின்கதவு ரப்பரையும் கவனியுங்கள். இங்கிலாந்துக் கடைகளில் ஹெரால்டுக்கு எல்லாம் கிடைக்கும், அங்கே இல்லாத கதவுக்கு மட்டும் ரப்பர் கிடைக்காது. என் வண்டியில் இருப்பது எவரோ ஒட்டிய ஆட்டோ ரிக்‌ஷா ரப்பர். கம்பெனி ரப்பர் இன்னும் ஒட்டியிருக்கும் வண்டி யாரிடமாவது இருந்தால் விரல் நீளத் துண்டு போதும்.

ஜாலஹள்ளி, வண்டி இல்லை:

துண்டை வெட்ட வேண்டாம். வண்டியைக் கொண்டுவாருங்கள், களிமண்ணில் அச்சு எடுத்து அளந்து வரைந்து தருகிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல்.